ஊர்ப்பழக்கம் ஒரு அணியை வெல்ல வைக்குமா? திருகோணமலைக் கழகங்களை வைத்து ஒரு கேள்வி

உப்புவெளி_ஸ்டொப்பர்:

எங்கட மாவட்ட உதைபந்தாட்ட லீக் பற்றிக் கதை வந்தால் கடைசியில ஒரே வசனத்திலதான் போய் முடியுது: "திருமலைப் பெடியளிட்ட கால் இருக்கு, ஊர்தான் விடாது." இரவுக் கடல், பின்னேர ரியூசன், கோவில் திருவிழா, நோன்பு, கச்சான் காற்று, மென்பந்துக் கிரிக்கெட், இருபத்திரண்டு வயசில கட்டாருக்கு வேலைக்குப் போறது. இவ்வளவும் சேர்ந்து அணியைக் கெடுக்குதாம். அதே ஆக்கள்தான் அடுத்த மூச்சில பில்பாவோ, நாப்போலி, லிவர்பூல் எண்டு துறைமுக ஊர்களைக் காட்டி, "ஊர்தான் அந்த அணிகளைத் தூக்கி நிறுத்தினது" எண்டும் சொல்லினம்.

நாங்களும் துறைமுக ஊர்தானே. அப்ப எது சரி?

கேள்வியை நிலத்தில வைக்கிறதுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். 24 பேர் பதிஞ்ச ஒரு கழகத்தை வைச்சுக்கொள்ளுங்கோ. அதில 9 பேர் கடற்றொழில், 6 பேர் உயர்தரம் படிக்கிற ஆக்கள், மிச்சப் பேர் கடை, ஹோட்டல், ஓட்டோ. மூவரில ஒருத்தர் நோன்பு பிடிக்கிறவர். பயிற்சி செவ்வாய், வியாழன், சனி பின்னேரம் 4.30. வாறது 11, 12 பேர். இந்த அணி தோற்றால் அது ஊரின்ர குற்றமா, கழகத்தின்ர குற்றமா? ஊரை மாத்த ஏலாது. வேற என்ன மாத்தலாம்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

இரண்டாம்பாதி:

ஊர்தான் காரணம் என்பவர்களுக்கு 1999 மே மாதத்து மான்செஸ்டரைக் காட்டினால் போதும். 26ஆம் திகதி யுனைட்டட், பார்சிலோனாவில் பயேர்ன் மியூனிக்கை உபாதையீட்டு நேரத்தில் போட்ட இரண்டு கோல்களால் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. நான்கு நாள் கழித்து, 30ஆம் திகதி, அதே ஊரின் சிட்டி, மூன்றாந்தரப் பிரிவிலிருந்து மேலே ஏறுவதற்காக வெம்ப்ளியில் ஜில்லிங்ஹாமுடன் மோதியது. 2-0 என்று பின்தங்கி, அதுவும் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு, பெனால்டியில் தப்பியது. ஒரே மழை, ஒரே சாப்பாடு, ஒரே வேலைநேரம், ஒரே ஊர்ப்பேச்சு. ஒன்று ஐரோப்பாவின் உச்சியில், மற்றது மூன்றாம் படியில். 2008இல் அபுதாபிப் பணம் வந்த பிறகு படம் தலைகீழானது. அப்போது ஊரின் பண்பாடா மாறியது?

நாப்போலியும் அப்படித்தான். கழகம் 1926இல் அமைந்தது. அந்த ஊரின் பந்துப் பைத்தியம் ஒரு நாளும் குறைந்ததில்லை. ஆனால் லீக் பட்டம் 1987, 1990, 2023, 2025 என்று நான்கே முறை. முதல் இரண்டும் மரடோனா 1984இல் வந்த பிறகு. இடையில் 2004இல் கழகம் திவாலாகி மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பைத்தியம் மாறாமல் இருக்க முடிவுகள் இப்படி ஏறி இறங்கினால், முடிவுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

துறைமுகம் என்ற வாதமும் பாதிதான். பிரித்தானியக் கப்பலோடும் சுரங்கத்தோடும் பந்து முதலில் இறங்கிய ஊர்கள் பல: உவெல்வா 1889, ஜெனோவா 1893, பில்பாவோ 1898. உவெல்வாவின் கழகம் ஸ்பெயினிலேயே மூத்தது, லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. ஜெனோவா 1898 முதல் 1924 வரை ஒன்பது பட்டம் எடுத்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மிலானிலும் தூரினிலும் தொழிற்சாலைப் பணம் பந்துக்குள் வந்ததும் முந்தி வந்தவரின் சாதகம் கரைந்துபோனது. திருகோணமலையிலும் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. பந்து இங்கே நேரத்தோடு வந்துவிட்டது. அதனால் மட்டும் ஒன்றும் நடக்காது.

நம் மட்டத்தில் பணம் என்றால் கோடி இல்லை. பஸ் கூலி, ஐஸ், இரண்டாவது பந்துப் பை, அவ்வளவுதான். கொழும்புக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். ஆறு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் முழங்கால் மடக்கி இருந்துவிட்டு அன்றே பின்னேரம் 3.30க்கு இறங்கும் அணிக்கு முதல் இருபது நிமிடம் கால் வராது. முதல் நாளே போய்ப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பாய் போட்டுப் படுத்தால் அதுவே ஒரு கோலுக்குச் சமம். முடியாவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பஸ்ஸை நிறுத்திப் பத்து நிமிடம் நடக்க வைக்க வேண்டும். இதெல்லாம் பண்பாடு இல்லை, ஏற்பாடு.

கந்தளாய்ச்சந்தி:

இரண்டாம்பாதி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவர் ஒரு ஊருக்குள் இரண்டு கழகத்தை ஒப்பிடுகிறார். ஊரோடு ஊரை ஒப்பிட்டால் வேறு படம் வரும்.

ஐரோப்பியக் கிண்ணம் 1955-56 பருவத்தில் தொடங்கியது. வென்ற ஊர்களைப் பாருங்கள்: கிளாஸ்கோ 1967, ரொட்டர்டாம் 1970, லிவர்பூல் 1977 முதல் பலமுறை, நொட்டிங்ஹாம் 1979, 1980, பர்மிங்ஹாமின் அஸ்டன் வில்லா 1982, ஹம்பர்க் 1983, போர்த்தோ 1987, ஐந்தோவன் 1988, மார்செய் 1993. எல்லாம் ஆலை ஊரும் துறைமுக ஊரும். லண்டனுக்கு முதல் கிண்ணம் 2012இல்தான், செல்சியால். பரிசுக்கு 2025. ரோமுக்கும் பெர்லினுக்கும் இன்றுவரை இல்லை. தலைநகரங்களில் தொடக்கத்தில் வென்றவை மட்ரிட்டும் லிஸ்பனும், பின்னர் புக்கரெஸ்ட் 1986. அந்த ஆண்டுகளில் அங்கெல்லாம் சர்வாதிகாரம். எல்லாமே தலைநகரில் குவிந்த காலம். 1971 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற ஆம்ஸ்டர்டாம் இதற்கு ஒரு விலக்கு.

ஏன் இப்படி? ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்களுக்குக் கோவிலும் உறவும் பின்னால் நின்றுவிட்டன. "நான் இந்த ஊர்க்காரன்" என்று சொல்ல ஒரு கொடி தேவைப்பட்டது. தலைநகரத்தானுக்கு அது வேண்டியதில்லை, அவனுக்குப் பெருமைப்பட வேறு ஆயிரம் இருக்கிறது. இதைவிட முக்கியமானது நேரம். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணியாலைகளில் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. சனி 3 மணி ஆட்டம் என்ற வழக்கம் இந்த அரைநாள் விடுமுறையில் முளைத்தது. ஓர் ஊரின் வாழ்க்கைமுறை பந்துக்குள் நுழையும் வாசல் இதுதான்: எல்லாரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கிறார்களா?

அந்த வாசல் திருகோணமலையில் துண்டு துண்டாக இருக்கிறது. வெள்ளியில் கடலுக்குப் போகாதவர் ஒரு பக்கம், ஞாயிறில் போகாதவர் ஒரு பக்கம், சனி முழுக்க வகுப்பில் இருக்கிறவர் ஒரு பக்கம். உப்புவெளி சொன்ன 24 பேருக்கும் பொதுவான அரைநாள் கிடையாது. அதைத்தான் "ஊர் விடாது" என்கிறார்கள். சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. 1997 ஜூலை 13, கொல்கத்தா சோல்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் ஆட்டம், பெடரேஷன் கிண்ண அரையிறுதி. பார்வையாளர் 1,31,781 பேர் என்று பதிவு. இதைவிடப் பெரிய பந்துப் பண்பாட்டை ஆசியாவில் தேடிப்பிடிக்க வேண்டும். ஆனால் இந்தியாவின் முதல் தேசிய லீக்கை 1996-97இல் எடுத்தது யார்? பஞ்சாபின் பக்வாரா என்ற சின்ன ஊரின் ஜே.சி.ரி. துணியாலை அணி. மாதச் சம்பளம், ஒரே விடுதி, ஒரே சமையல், ஒரே பயிற்சி நேரம். இதுவரை இரண்டாம்பாதியின் பக்கம்தான். ஆனால் ஆலை கைவிட்டதும் 2011இல் அந்த அணி இல்லாமல் போனது. 1889இல் தொடங்கிய மோகன் பாகான் இன்னும் கிண்ணம் எடுக்கிறது. பணமும் ஒழுங்கும் ஒரு பருவத்தை வெல்லும். கெட்ட பருவம் பத்து வந்தாலும் கழகத்தைச் சாகவிடாமல் வைத்திருப்பது ஊர்.

இரண்டாம்பாதி:

பக்வாரா நல்ல உதாரணம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், நீங்களும் கடைசியில் "நேரம்" என்றுதான் வந்து நிற்கிறீர்கள்.

கிண்ணியா_லெப்ட்விங்:

தம்பி உப்புவெளி, பெரிய ஊர்க் கதை இருக்கட்டும். உங்கட 24 பேருக்கு வாறேன்.

முதலாவது, செவ்வாய் வியாழன் சனி என்ற அட்டவணையே பிழை. கடற்றொழில் ஆக்களுக்குக் கிழமை இல்லை, நிலாதான் கணக்கு. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதால் பூரணையை ஒட்டிய நாலைந்து இரவு பலர் இரவு வலைக்குப் போவதில்லை. போயா எப்படியும் விடுமுறை, பெடியளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. முழு அணியும் வேண்டிய வேலையெல்லாம் அந்த வாரத்துக்கு வையுங்கள்: 11க்கு 11 ஆட்டம், கோர்னர், ப்ரீகிக் ஒழுங்கு, பின்வரிசை நாலு பேரும் சேர்ந்து ஏறி இறங்குவது. இருட்டு வாரங்களில் வாற 11, 12 பேரை வைத்துச் சின்ன ஆட்டம். 30க்கு 20 மீற்றர் கட்டம், 5க்கு 5, மிஞ்சுகிற ஒன்றிரண்டு பேர் பந்து வைத்திருக்கிற பக்கத்துக்குப் பொது ஆள். 4 நிமிட ஆட்டம், 2 நிமிட ஓய்வு, ஆறு முறை. ஆள் குறைவு என்று வட்டம் சுற்றி ஓடவிட்டு அனுப்புவதுதான் நடக்கிற பெரிய பிழை. ஓடுறதுக்கு யாரும் மூன்று கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வரமாட்டான். இரண்டு கிழமையில் 12 பேர் 8 ஆகும்.

இரண்டாவது, இரவு முழுக்க வலையோடு நின்று காலையில் மீன் கழித்து, 10 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழும்பினவனை அன்று பின்னேரம் முழு வேகத்தில் ஓடவிடக் கூடாது. தொடைப் பின்தசை கிழிகிறது அப்படித்தான். அவனுக்கு அன்று பாஸ், கோல் அடி, நடமாட்டம் மட்டும். அடுத்த நாள் வேக ஓட்டம். கரைவலை இழுத்தவனுக்கு அன்று தண்டால் வேண்டாம், முதுகும் தோளும் ஏற்கனவே வேலை செய்துவிட்டது. தொடக்கச் சூடேற்றலுக்கு ஃபிஃபாவின் "11 ப்ளஸ்" போதும். 15 பயிற்சி, 20 நிமிடம், கிழமைக்கு ஆகக் குறைந்தது இரண்டு தடவை. பந்து தவிர ஒரு சாமானும் தேவையில்லை. அதில் முழங்காலில் நின்று முன்னுக்கு மெல்லச் சாயும் பயிற்சியைப் பெடியள் ஏமாற்றுவான்கள். அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்து பலன் குறைவு.

நேரத்தைப் பற்றி. அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்கும், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கும் இடையில்தான் எல்லாருக்கும் பொதுவான துண்டு இருக்கிறது. அதுவும் மாதத்தோடு மாறும். ஜூலையில் சூரியன் 6.30 அளவில் மறையும், நவம்பரில் 5.45 அளவிலேயே. வருடம் முழுக்க 4.30 என்று எழுதி வைத்தால் ஜூலையில் வெயிலில் காய்வீர்கள், நவம்பரில் ஒரு மணித்தியாலத்தில் பந்து தெரியாது. ஜூலையில் 4.50, நவம்பரில் 4.05. இரண்டிலும் மஃரிபுக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னம் முடிவு விசில். தொழுகைக்குப் போறவன் பாதியில் கழன்றால் மிச்சப் பேருக்கும் ஆட்டம் குழம்பும்.

நோன்பு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னுக்கு வரும். லீக் அட்டவணை போடுறவர்கள் கலண்டரைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் பிறகு "அவங்கள் வரேல்லை" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. நோன்பு மாதத்தில் இரண்டு வழி. ஒன்று, திறப்பதற்கு முன் 40 நிமிடம், பந்தோடு மெதுவான வேலை மட்டும், வேக ஓட்டம் அறவே இல்லை. திறந்த உடனே தண்ணீரும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கிடைக்கும் என்பதால் இது தாங்கும். நோன்புக் கஞ்சியில் அரிசி, உப்பு, தண்ணி மூன்றும் இருக்கிறது, விளையாடினவனுக்கு அதைவிட நல்ல குடிபானம் கடையில் இல்லை. மற்றது, தராவீஹ் என்ற நோன்புகால இரவுத் தொழுகை முடிந்து 9.15க்கு விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம். இதில் நித்திரை குறையும், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும். கிழமைக்கு இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். வறுத்த ரோல்ஸ், சமூசா நாலைந்து உள்ளே போன வயிறோடு வந்தால் இரண்டுமே வீண்.

உப்புவெளி_ஸ்டொப்பர்:

நானா, நிலாக் கணக்கு எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. வீட்டில எல்லாருக்கும் தெரியும். அட்டவணையில போட வேணும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்லை, அவ்வளவுதான். ரியூசன் பிரச்சினைக்கு?

கிண்ணியா_லெப்ட்விங்:

உயர்தரப் பெடியள் ஆறு பேரும் ஒரே மாஸ்டரிட்ட போறதில்லை. ஆளாளுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆறு பேரில் நாலு பேருக்குப் பொதுவாக இரண்டு நாள் கட்டாயம் வரும். பரீட்சைக்கு முந்தின மூன்று மாதம் கிழமைக்கு ஒரு நாள் போதும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அம்மாமார் பயப்படுவது பந்துக்கு இல்லை, முடிவு தெரியாத பயிற்சிக்கு. 6 மணிக்கு விடுவோம் என்றால் 6க்கு விட வேண்டும். 7 மணிக்குச் சந்தியில் கண்டால் அடுத்த கிழமை பூட்ஸ் பரணில் இருக்கும்.

தட்சிணகைலாசத்தான்:

ஊர் வாழ்க்கைமுறை எண்டு சொல்லிப்போட்டு மானை மறந்திட்டியள். வேற எந்த ஊரில பெனால்டிப் பெட்டிக்குள்ள புள்ளிமான் நிண்டு மேயும்? புல்லும் வெட்டத் தேவையில்லை, உரமும் சும்மா. விளையாட முதல் ஒருத்தர் கோலுக்கு முன்னால கூட்டிவிட்டால் காணும்.

கச்சான்_மாதம்:

மானைப் பற்றிச் சொன்னவர் சிரிப்புக்குச் சொன்னாலும் நிலத்துக்கு வந்தது நல்லது. பண்பாடு என்று எல்லாரும் மனிதரைப் பற்றியே கதைக்கிறார்கள், காற்றையும் தரையையும் விட்டுவிட்டு.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் நம் பக்கம் வரும்போது மழையை மலைநாட்டிலேயே இறக்கிவிட்டு வெறும் சூடாக வரும். (கச்சான் என்றதும் கடலை கொறிக்க நினைக்கும் வெளியூர் நண்பர்களுக்கு: இது காற்று.) மைதானம் சிமெந்து மாதிரி இறுகும். அந்த நேரத்தில் திருகு ஆணி பூட்ஸ் போட்டால் ஆணி மண்ணுக்குள் இறங்காது, கணுக்கால் புரளும், குதிகால் நோகும். வார்ப்பு ஆணி, சின்னச் சின்னதாக நிறைய இருப்பது போதும்.

தண்ணீர் விடுங்கள் என்று சொல்வது லேசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100க்கு 64 மீற்றர் என்றால் 6,400 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் நனைய 6,400 லீற்றர். மண் இளக 5 மில்லிமீற்றராவது வேண்டும், 32,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஆறரை. எந்தக் கழகத்தாலும் முடியாது. அதனால் பாதி மைதானத்துக்குத் தெளித்து முடித்துவிட்டு நிற்பார்கள், அது இன்னும் மோசம். ஒரு பக்கம் பந்து எழும்பும், மறுபக்கம் சறுக்கும். செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு கோல் முன்பெட்டியும், ஒவ்வொன்றும் 18.3க்கு 5.5 மீற்றர், சேர்த்து 200 சதுர மீற்றர் அளவு, 1,000 லீற்றர். நடுவட்டம் 263 சதுர மீற்றர், 1,300 லீற்றர். அரைப் பவுசரில் முடிந்தது. கோலி விழுந்து எழும்பும் இடமும் அதிகம் மிதிபடும் இடமும் அவைதான். முதல் நாள் இரவு விட வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முதல் விட்டால் மேல்தோல் மட்டும் வழுக்கும், அடி இறுகியே இருக்கும்.

வெயிலுக்கு ஃபிஃபா ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்ச் சுட்டெண் 32 பாகையைத் தாண்டினால் 30ஆவது, 75ஆவது நிமிடங்களில் மூன்று மூன்று நிமிட இடைவெளி. எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் கச்சான் மாதத்து 3.30 ஆட்டத்தில் இரண்டு அணித்தலைவரும் மத்தியஸ்தரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை.

குடிப்பதில் நடக்கும் பிழை, இடைவேளையில் ஒரேயடியாக ஒரு லீற்றர் குடிப்பது. இரண்டாம் பாதியில் வயிறு குலுங்கும். ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முதல் அரை லீற்றர், பிறகு பந்து வெளியே போகும்போதெல்லாம் நாலு மிடறு. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சரி, அல்லது ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் பைக்கற்றை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கலாம். தண்ணீரைக் குறைத்துக் கரைத்தால் வயிற்றால் போகும். மாதம் ஒருமுறை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் அவருக்குத் தண்ணீர் போதவில்லை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர், இரவுக்குள் மெல்ல மெல்ல.

ஊரின் காற்று யாருக்குச் சாதகம் என்றால், அதைப் பயிற்சியில் எடுத்தவனுக்கு. பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீற்றர் உயரம். 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்றுவித்த ஆர்ஜென்ரினா அங்கே 6-1 என்று தோற்றது. மூச்சுவிட முடியாத இடத்தில் அங்கேயே வாழ்கிறவன் வெல்கிறான். கச்சானில் பின்னேரம் வெளியே வராமல் இருந்துவிட்டு ஆட்டத்தன்று மட்டும் இறங்குகிற திருகோணமலைக்காரனுக்கு, குருநாகலிலிருந்து வந்தவனை விட ஒரு சாதகமும் இல்லை. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் தொடர்ச்சியான வேலை வேண்டும்.

கச்சான் பலமாக வீசும் நாளில் உயரப் பந்து அடிப்பதை நிறுத்துங்கள். நாணயச் சுண்டலில் வென்றால் முதல் பாதியில் காற்றோடு விளையாடுங்கள், பொழுது இறங்க இறங்கக் காற்று தணிவதும் உண்டு.

உப்புவெளி_ஸ்டொப்பர்:

இவ்வளவு விபரத்துக்கு நன்றி அண்ணா. கடைசியா ஒண்டு. சில ஆக்கள் பில்பாவோ மாதிரி "எங்கட ஊர்ப் பெடியள் மட்டும்" எண்டு ஒரு கழகம் கட்டுவம் எண்டு சொல்லினம். அது சரிவருமா?

கந்தளாய்ச்சந்தி:

பில்பாவோவின் படத்தை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது, அடியில் உள்ளதையும் பார்க்க வேண்டும். அந்த ஊரின் அத்லெட்டிக் கழகம் நூறாண்டுக்கு மேலாகச் சுற்றியுள்ள பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்களையும் அங்கே பந்து பழகியவர்களையும் மட்டும் எடுக்கிறது. 1929இல் லீக் தொடங்கியதிலிருந்து ரியல் மட்ரிட், பார்சிலோனா போலவே இதுவும் முதற்பிரிவிலிருந்து இறங்கியதில்லை. எட்டு லீக் பட்டம், கடைசி 1984இல். அதன்பின் மன்னர் கிண்ணத்துக்கு 2024 வரை நாற்பது ஆண்டு காத்திருந்தது. அந்த நாற்பது ஆண்டு காத்திருக்கும் பொறுமை ஊருக்கு இருந்ததுதான் உண்மையான பண்பாடு. பக்கத்து ரியல் சொசியதாத்தும் அதே வழக்கத்தை வைத்திருந்தது, 1989இல் அயர்லாந்து அணி வீரர் ஜோன் ஓல்ட்ரிட்ஜை எடுத்ததோடு அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

இதற்கு விலையும் இருக்கிறது. எடுக்கக்கூடிய ஆள் குறைவென்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் விற்கிறவன் கூட்டிக் கேட்பான். 2018இல் இனிகோ மார்த்தினெஸ் என்ற ஒரு பின்கள வீரருக்காகப் பக்கத்து ஊர்க் கழகத்துக்கே 3 கோடி 20 இலட்சம் யூரோ கொடுத்தார்கள். அந்த முறை ஓடுவது 1971 முதல் லெசாமாவில் இயங்கும் பயிற்சி நிலையத்தால். பத்து வயதில் எடுத்துப் பத்தாண்டு வளர்க்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தை அதோடு ஒப்பிட முடியாது.

அதைவிட நமக்குக் கிட்டிய உதாரணம் 1967 செல்டிக். லிஸ்பனில் இன்ரர் மிலானை 2-1 என்று வென்ற அணி முழுவதும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து 30 மைல் என்றால் கந்தளாய், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் உள்ளே வந்துவிடும். "எங்கட ஊர்" என்பதை அந்த வட்டமாகப் போட்டால் சரிவரும். ஒரு தெரு, ஒரு கோவில், ஒரு பள்ளிவாசல் என்று சுருக்கினால் கோலிக்கு மாற்றாள்கூடக் கிடைக்காது. சிங்களப் பெடியளும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறார்கள். மைதானத்தில் "மேன் ஓன்" (பின்னால் ஆள் வருகிறான்), "லீவ்" (பந்தை விடு) இரண்டும் எல்லாருக்கும் விளங்கும்.

இரண்டாம்பாதி:

அதோடு ஒரு விசயம். 21 வயதில் போகிறவனை ஊர்ப்பற்றைச் சொல்லி மறிக்க முடியாது. கட்டார் சம்பளம் கொடுக்கிறது, கொழும்புக் கழகமும் படைத்தரப்பு அணியும் வேலை கொடுக்கின்றன. போவான் என்று முதலே கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 17 வயதில் ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டும். பின்வரிசை, கோலி, நடுக்களம் மூன்றுக்குமாவது. 16 வயதுப் பள்ளிக்கூட அணியோடு மாதம் ஒரு ஆட்டம் வைத்தால் அந்த ஆளை இப்போதே அடையாளம் காணலாம்.

கச்சான்_மாதம்:

ஊரா கழகமா என்ற முதல் கேள்விக்கு விடை இங்கே யாரும் எழுதித் தர முடியாது, உங்கள் கொப்பியில்தான் இருக்கிறது. எட்டுக் கிழமை வரவு எழுதுங்கள். திகதி, வந்தவர், வராதவர், காரணம். காரணத்துக்கு ஒற்றை எழுத்து: கடல் 'க', வகுப்பு 'வ', தொழுகை அல்லது திருவிழா 'தி', காயம் 'கா', காரணம் சொல்லாதவர் 'சு', அதாவது சும்மா. பக்கத்தில் பிறை எத்தனையாம் நாள் என்பதையும் குறியுங்கள். 'க', 'வ', 'தி' மூன்றும் சேர்ந்து பாதிக்கு மேல் வந்தால் அட்டவணை பிழை, கிண்ணியா நானா சொன்னபடி நாளை மாற்றுங்கள். 'சு' கூடுதலாக வந்தால் பயிற்சி சலிப்பாக இருக்கிறது, கோச்சோடு கதைக்க வேண்டும். 'கா' கூடினால் தரையையும் நித்திரையையும் பாருங்கள். ஊரைக் குறை சொல்வதற்கு முன் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

கிண்ணியா_லெப்ட்விங்:

கொப்பியைக் கோச்சிடம் கொடுக்க வேண்டாம், அவர் தனக்குப் பிடித்தவனுக்கு 'கா' போட்டுவிடுவார். செயலாளரிடமும் வேண்டாம், மூன்றாம் நாள் மறந்துவிடுவார். இரண்டாவது கோலியிடம் கொடுங்கள். எல்லாப் பயிற்சிக்கும் தவறாமல் வருகிற ஒரே ஆள் அவன்தான்.